பிரைசாக்: ரைன் நதியோரப் பாறை ஊரும் அதன் போர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரைசாக் எங்கே இருக்கிறது?

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ரைன் ஆற்றின் வலக்கரையில். ஆற்றுக்கு அக்கரை பிரான்சின் அல்சாஸ் பகுதி. கிழக்கே ஃபிரைபர்க், மேற்கே கோல்மார். இரண்டும் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். மக்கள் தொகை சுமார் 16,000. முழுப்பெயர் ‘பிரைசாக் அம் ரைன்’. கடைசி எழுத்தை ஜெர்மானியர் ‘க்’ என்று அழுத்துவதில்லை. தொண்டையிலிருந்து மூச்சை உரசி விடுகிறார்கள்.

சமவெளி நடுவே திடீரென்று எழும் ஓர் எரிமலைப் பாறை, அதன் முதுகில் ஒரு பெரிய தேவாலயம், பாறையடியில் தாழ்ந்த ஊர். தூரத்திலிருந்து பார்த்தால் இவ்வளவுதான் கண்ணில் படும்.

இவ்வளவு சிறிய ஊருக்காக ஏன் இத்தனை போர்?

ஊருக்காக யாரும் சண்டை போடவில்லை; பாலத்துக்காகப் போட்டார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

பழைய ரைன் இன்று பார்க்கும் ஒற்றை ஓடை அல்ல. சுவிஸ் நகரமான பாசலுக்குக் கீழே அது பல கிளைகளாகப் பிரிந்து, மணல்திட்டும் சதுப்பும் புதர்க்காடுமாக ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கிளைகள் இடம் மாறின. பீரங்கியும் சுமை வண்டியுமாக வரும் படை அதை நினைத்த இடத்தில் கடக்க முடியாது. கரை உறுதியாக இருக்க வேண்டும். பாலத்தின் தலைமாட்டைக் காக்க மேட்டு நிலம் வேண்டும். வெள்ளம் ஏறாத கிடங்கும் வேண்டும். மூன்றும் ஒருங்கே அமைந்த இடங்கள் அந்த நீளத்தில் மிகச் சில. பிரைசாக்கின் பாறை அவற்றில் முதன்மையானது.

17ஆம் நூற்றாண்டில் இதற்கு இன்னொரு கனம் சேர்ந்தது. ஸ்பெயினின் ஹாப்ஸ்பர்க் அரசர்கள் நெதர்லாந்தில் நடத்திய போருக்கு ஆளும் பணமும் மிலானிலிருந்து ஆல்ப்ஸ் மலை தாண்டித் தரைவழியாகப் போக வேண்டியிருந்தது. கடல்வழி டச்சுக் கப்பல்களால் அடைபட்டிருந்தது. அந்த ‘ஸ்பானியப் பாதை’யின் ஒரு கிளை ரைனைக் கடந்தது பிரைசாக்கில். பிரைசாக்கை எடுத்தால் பாதை அறும். அதே பாலத்தை எதிர்த்திசையில் வைத்துப் பார்த்தால், பிரான்சுக்கு அது தென்ஜெர்மனியின் திறந்த வாசல்.

ஊர் ஆற்றின் எந்தக் கரையில் இருந்தது? சில நூல்களில் இடக்கரை என்கிறார்களே?

இரண்டும் சரி. ஊர் அசையவில்லை, ஆறுதான் அசைந்தது. பாறை சில காலம் இடக்கரையோடு ஒட்டியிருந்தது, சில காலம் நட்டாற்றுத் தீவாக நின்றது, பிறகு நிலையாக வலக்கரைக்கு வந்தது. 939இல், பின்னாளில் பேரரசரான அரசர் முதலாம் ஓட்டோ கலகக்காரப் பிரபுக்களை எதிர்த்து இதை முற்றுகையிட்டபோது இருந்த ஆற்றுக்கும் இன்றைய ஆற்றுக்கும் உறவே இல்லை என்று சொல்லலாம். எனவே பழைய முற்றுகை வரைபடம் எதைப் பார்த்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள். இன்றைய கரையை மனத்தில் வைத்து 17ஆம் நூற்றாண்டு வரைபடத்தைப் படிப்பவர்கள் பாலத்தையும் தீவையும் தப்பான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

‘பிரைசாக்’ என்ற பெயரே நீர் மோதி உடையும் இடம் என்ற பொருளுள்ள கெல்டியச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். ரோமர்கள் இதை ‘மோன்ஸ் பிரிசியாகுஸ்’ என்றார்கள். 4ஆம் நூற்றாண்டில் மேலே கோட்டை கட்டினார்கள். 369இல் பேரரசர் முதலாம் வாலன்டினியன் இங்கே தங்கி ஓர் ஆணை பிறப்பித்தார். சுற்றுவட்டாரமான பிரைஸ்காவுக்கும் இந்தப் பாறையிலிருந்தே பெயர் வந்தது.

பாறை மேலே முற்றுகைக் காலத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

பாறையைக் குடைந்து கிணறு எடுத்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில், செஹ்ரிங்கன் வம்சத்துப் பிரபு ஐந்தாம் பெர்டோல்ட் காலத்தில் தோண்டப்பட்ட அது சுமார் 40 மீட்டர் ஆழம். ஆற்றோர நிலத்தடி நீர்மட்டம் வரை இறங்குகிறது. அந்த ஆழத்திலிருந்து வாளியைக் கையால் இழுத்து ஓர் ஊருக்கும் படைக்கும் தண்ணீர் கட்டாது. அதனால் பெரிய மரச் சக்கரம் ஒன்றை வைத்து, அதற்குள் ஆள் ஏறி நடந்து சுழற்றி நீர் இறைத்தார்கள். ‘ராட்புருன்னன்’, அதாவது சக்கரக் கிணறு, என்ற பெயர் அப்படி வந்தது. கிணற்றின் மேல் நிற்கும் கோபுரக் கட்டடத்தை இன்றும் பார்க்கலாம்.

பிரைசாக் பசியால் விழுந்திருக்கிறது, தாகத்தால் விழுந்ததில்லை. அதற்குக் காரணம் இந்தக் கிணறு.

1474இல் இங்கே நடந்த விசாரணையை உலகின் முதல் போர்க்குற்ற வழக்கு என்கிறார்களே, சரியா?

முழுச் சரி என்று சொல்ல முடியாது. ஆனால் அதைத் தள்ளிவிடவும் முடியாது.

1469இல் ஆஸ்திரியப் பிரபு சிகிஸ்முண்ட் 50,000 ஃபுளோரின் தொகைக்கு மேல் அல்சாஸையும் பிரைசாக் உள்ளிட்ட ரைன் ஊர்களையும் பர்கண்டியின் ‘துணிச்சல்’ சார்லஸிடம் அடகு வைத்தார். அடகுப் பூமியை ஆள சார்லஸ் அனுப்பியவர் பீட்டர் ஃபொன் ஹாகன்பாக். அவர் மதுவின் மேல் போட்ட வரியை மக்கள் ‘கெட்ட காசு’ என்றே அழைத்தார்கள். ஊர் உரிமைகள் பறிபோயின. கொலை, வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டுகள் பெருகின. 1474 வசந்தத்தில் சுற்றுவட்டார நகரங்கள் சேர்ந்து அடகை மீட்கப் பணம் திரட்டின. ஈஸ்டர் சமயத்தில் பிரைசாக்கில் கலகம் வெடித்தது. ஊர்க்காரரும் கூலிப்படையினரும் சேர்ந்து ஹாகன்பாக்கைப் பிடித்துக் கட்டினார்கள்.

விசாரித்தவர்கள் 28 நீதிபதிகள். பிரைசாக்கோடு ஸ்டிராஸ்பர்க், பாசல், பெர்ன் போன்ற நட்பு நகரங்களும் ஆள் அனுப்பின. “என் பிரபுவின் கட்டளையைத்தான் நிறைவேற்றினேன், அதைக் கேள்வி கேட்கும் உரிமை எனக்கு இல்லை” என்பதே எதிர்வாதத்தின் சாரம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீரப்பட்டத்தைப் பறித்து, 1474 மே 9 அன்று தலையை வெட்டினார்கள்.

பல நகரங்களின் கூட்டு மன்றம், மேலிடத்துக் கட்டளை என்ற வாதம், அதன் நிராகரிப்பு ஆகிய மூன்றும் இருப்பதால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நியூரம்பெர்க் விசாரணைக்குப் பிறகு சட்ட அறிஞர்கள் இதைத் தேடி எடுத்தார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. விசாரணைக்கு முன் அவரைச் சித்திரவதை செய்தார்கள். நீதிபதிகள் அனைவரும் அவருடைய எதிரிகள். குற்றங்களில் பல நடந்தபோது முறையான போரே அறிவிக்கப்படவில்லை. ‘முன்னோடி’ என்ற சொல் பொருந்தும். ‘முதல் சர்வதேச நீதிமன்றம்’ என்பது அளவு மீறிய பேச்சு.

1638 முற்றுகை எப்படி நடந்தது? கோட்டையைத் தகர்க்காமல் ஏன் பட்டினி போட்டார்கள்?

முப்பதாண்டுப் போரில் (1618–1648) பிரெஞ்சுப் பணத்தில் படை நடத்திய சாக்ஸ்-வைமார் பிரபு பெர்ன்ஹார்ட், அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ரைன்ஃபெல்டனில் ஏகாதிபத்தியப் படையை, அதாவது ஹாப்ஸ்பர்க் பேரரசரின் படையை, முறியடித்த கையோடு பிரைசாக்கை நோக்கி வந்தார். உள்ளே தளபதி ஹான்ஸ் ஹைன்ரிக் ஃபொன் ரைனாக்.

ஒருபக்கம் ஆறு, மறுபக்கங்களில் செங்குத்துப் பாறையும் மதிலும் வெளிக்காவல்களும். நேரடியாக ஏறினால் ஆள் சாவதுதான் மிச்சம். பாறையடியில் சுரங்கம் தோண்டுவதும் கடினம். எனவே பெர்ன்ஹார்ட் ஊரைச் சுற்றி இரட்டை வளையம் போட்டார். உட்புறம் பார்த்த அரண் வரிசை ஊரிலிருந்து யாரும் வெளியேறாமல் தடுக்க. வெளிப்புறம் பார்த்த வரிசை மீட்க வரும் படையைத் தடுக்க. இரண்டுக்கும் நடுவே அவருடைய முகாம். ஆற்றின் குறுக்கே படகுப் பாலங்கள் கட்டி இரு கரை முகாம்களையும் இணைத்தார். நீர்வழித் தானியம் அதோடு நின்றது.

பட்டினி எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. அக்காலச் சிப்பாயின் நாள் படி இரண்டு ராத்தல் ரொட்டி, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காவல்படை 3,000 பேர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு ஏறத்தாழ மூன்று டன் ரொட்டி. நான்கு மாதத்துக்கு 350 டன்னுக்குக் குறையாது. இதில் ஊர்மக்களும் அடைக்கலம் புகுந்த கிராமத்தவரும் குதிரைகளும் சேரவில்லை. சுற்றுக் கிராமங்களோ 1630களின் தொடக்கத்திலிருந்தே மாறி மாறிக் கொள்ளை போனவை. கிடங்கு நிரம்பியிருக்க வழியே இல்லை.

மீட்பு முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஆகஸ்ட் 9 அன்று விட்டன்வையரில் ஏகாதிபத்தியத் தளபதிகள் கோட்ஸ், சவெல்லி ஆகியோரின் படை தோற்றது. ஊருக்கு வரவேண்டிய உணவும் அத்தோடு போயிற்று. அக்டோபர் 15 அன்று லொரேன் பிரபுவின் படையைச் சென்ஹைம் அருகே திருப்பி அனுப்பினார்கள். சில நாளில் கோட்ஸ் மீண்டும் வந்து முற்றுகை வளையத்தையே தாக்கினார், அதுவும் நிற்கவில்லை. மீட்புப் படைகள் சேர்ந்து ஒரே நாளில் இரு கரையிலிருந்தும் மோதியிருந்தால் வளையம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகமே. தனித்தனியாக வந்ததால் பெர்ன்ஹார்ட் தன் படையைப் படகுப் பாலம் வழியே இங்குமங்கும் நகர்த்தி ஒவ்வொன்றாக அடிக்க முடிந்தது.

உள்ளே குதிரை, நாய், பூனை, எலி, தோல் என்று இறங்கிய உணவு, கடைசியில் பிணம் தின்னும் நிலைக்கு வந்ததாக அக்காலப் பதிவுகள் சொல்கின்றன. டிசம்பர் 17 அன்று ரைனாக் சரணடைந்தார். பிடிபட்டிருந்த தன் சிப்பாய்கள் சிறையில் பட்டினியால் செத்ததையும், உயிரோடு இருந்தவர்கள் செத்தவர்களைத் தின்ன நேர்ந்ததையும் அறிந்து பெர்ன்ஹார்ட் சரண் உடன்படிக்கையையே கிழிக்கப் பார்த்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். கடைசியில் காவல்படையில் எஞ்சிய சில நூறு பேரை வெளியேற விட்டார்.

பெர்ன்ஹார்டுக்கு அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1639 ஜூலை 18 அன்று நோய்வாய்ப்பட்டு இறந்தார். அவர் தனக்கென்று ஆள நினைத்த ஊர், அவருடைய தளபதி எர்லாக் வழியாகப் பிரான்சின் கைக்குப் போயிற்று.

“தைரியம், தந்தையே! பிரைசாக் நம்முடையது” என்று ரிஷ்லியூ சொன்ன கதை உண்மையா?

பிரான்சின் முதலமைச்சர் கார்டினல் ரிஷ்லியூவின் வலக்கையான துறவி ஜோசஃப் சாகக் கிடந்தபோது, அவர் காதில் இந்தச் செய்தியைச் சொல்லித் தேற்றினார் என்பது கதை. ஜோசஃப் இறந்தது டிசம்பர் 18. ஊர் சரணடைந்தது 17. பாரிஸ் பக்கம் போய்ச் சேர நானூறு கிலோமீட்டருக்கு மேல் குதிரையில் வர வேண்டும், அதுவும் மார்கழிக் குளிரில். ஒரு நாளில் செய்தி வந்திருக்காது. சொல்லியிருந்தால் தேற்றுவதற்காகச் சொன்ன பொய்யாக இருக்கும். சொல்லாமலே பின்னால் கட்டப்பட்டதாகவும் இருக்கலாம். பிரெஞ்சு அரசவை இந்த ஊரை எவ்வளவு பெரிதாக நினைத்தது என்பதற்கு மட்டும் கதை நல்ல சாட்சி.

பிரான்சின் கையில் ஊர் எப்படி மாறியது?

1648 அக்டோபர் 24 வெஸ்ட்பாலியா உடன்படிக்கை பிரைசாக்கைப் பிரான்சுக்கு முறையாகக் கொடுத்தது. ரைனின் வலக்கரையில் பிரெஞ்சு அரசுக்குக் கிடைத்த நிலையான காலடி இது. 1660களில் பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளர் வோபான் மதில்களைப் புதுப்பிக்கத் தொடங்கினார். ஆற்றுத் தீவில் ஒரு புது நகரமே எழுந்தது. அல்சாஸின் உயர் நீதிமன்றம் சில காலம் பிரைசாக்கில் இயங்கியது. பதினான்காம் லூயி அக்கம்பக்க ஜெர்மன் நிலங்களைச் சட்டப் பெயரில் விழுங்கிய ‘இணைப்பு மன்றங்களில்’ ஒன்றும் இங்கேதான் கூடியது.

அக்காலத்துச் செருக்கை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ரைன் வாயிலுக்குப் போங்கள். 1678இல் எழுந்த அதன் முகப்பில் இருந்த லத்தீன் வரிகளின் பொருள்: “பிரெஞ்சுக்காரருக்கு நான் எல்லையாக இருந்தேன், இப்போது பாலமும் வாசலும் ஆகிறேன், அவர்கள் இன்னும் நடந்தால் எல்லை என்பதே எங்கும் இராது.” வாயில் கட்டடத்தில் இப்போது ஊர் வரலாற்று அருங்காட்சியகம் இயங்குகிறது.

பிரைசாக்கும் நெஃப்-பிரிசாக்கும் ஒன்றா?

இல்லை. அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். 1697 ரைஸ்வைக் உடன்படிக்கையில் ஸ்டிராஸ்பர்க்கைத் தக்கவைத்துக்கொள்வதற்காக லூயி பிரைசாக்கையும் ஃபிரைபர்க்கையும் விட்டுக்கொடுத்தார். பாலமும் தீவு நகரமும் இடிபட வேண்டும் என்பதும் நிபந்தனை. ஆற்றின் மேற்கே திறந்து கிடந்த அல்சாஸைக் காக்க, சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி வெறும் வயலில் ஒரு கோட்டை நகரம் கட்ட முடிவாயிற்று. வோபான் மூன்று வரைவுகள் கொடுத்தார். அரசர் மூன்றாவதைத் தேர்ந்தார். நெஃப்-பிரிசாக் என்றால் ‘புது பிரைசாக்’.

எட்டு மூலை. நான்கு வாயில். நடுவே படை அணிவகுக்கும் சதுக்கம். அதைச் சுற்றிக் கட்டம் போட்டதுபோல 48 மனைத்தொகுதிகள். இதன் புதுமை இரட்டை அடுக்கு: பெரிய கொத்தளங்கள் உள்மதிலிலிருந்து பிரித்து அகழிக்குள் தனியே நிற்கும், உள்மதிலின் மூலைகளில் சிறிய கொத்தளக் கோபுரங்கள். முன்னால் இருக்கும் கொத்தளம் விழுந்தாலும் ஊர் விழாது. கல் கொண்டுவர வோஸ்ஜ் மலையடியிலிருந்து ஒரு கால்வாயே வெட்டினார்கள். வோபானின் பிற கோட்டைகளோடு இதுவும் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பாறை ஊரிலிருந்து இதற்குப் போகிறவர்கள் ஒரே நாளில் இரண்டு கோட்டை இலக்கணங்களைப் பார்க்கலாம்: இயற்கை உயரத்தை நம்பியது ஒன்று, தட்டை நிலத்தில் கணிதத்தை நம்பியது இன்னொன்று.

1703இல் அதே பிரைசாக் இரண்டே வாரத்தில் விழுந்தது எப்படி?

1638க்கு நான்கு மாதம் ஆனது. 1703இல், ஸ்பானிய வாரிசுரிமைப் போரின்போது, ஆகஸ்ட் பிற்பகுதியில் வந்த பிரெஞ்சுப் படைக்குச் செப்டம்பர் முதல் வாரத்தில் ஊர் பணிந்தது. முற்றுகையை நடத்திய பொறியாளர் வோபான். தான் கட்டியதைத் தானே உடைக்க வந்தார். அவர் நடத்திய கடைசி முற்றுகையும் அதுவே.

அவருடைய முறை இப்படி: கோட்டைப் பீரங்கி நன்றாக எட்டாத சுமார் 600 மீட்டர் தொலைவில் மதிலுக்கு இணையாக முதல் குழி. அதிலிருந்து வளைந்து வளைந்து முன்னேறும் இணைப்புக் குழிகள். நேராக வெட்டினால் மதில்மேல் இருப்பவர் நீளவாக்கில் சுட்டுவிடுவார். பாதித் தூரத்தில் இரண்டாவது இணைக் குழி, மதிலின் வெளிச் சரிவடியில் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஆள் காவல், பீரங்கி மேடை. குறைந்த மருந்தில் சுட்டுக் குண்டைத் தத்தித் தத்தி உருளவிடும் உத்தியால் மதில்மேல் இருந்த பீரங்கிகள் வாயடைத்துப் போகும். பிறகு அருகிலிருந்து சுவரின் அடியை அடித்தால் உடைப்பு. அதன்பின் எதிர்த்தால் கொள்ளைக்கு ஆளாக நேரும் என்பது அக்கால வழக்கம், ஆகவே காப்பவர்கள் உடைப்புக்கு முன்பே பேச்சுக்கு வருவார்கள்.

கோட்டைத் தலைவர் ஆர்கோ பிரபு மிக விரைவில் சரணடைந்தார் என்று வியன்னா அரசு குற்றம் சாட்டியது. 1704 பிப்ரவரி 18 அன்று பிரெகன்சில் அவர் தலையை வெட்டினார்கள். துணைத்தலைவர் லூயிஜி மார்சிக்லியின் வாளை உடைத்துப் பதவியைப் பறித்தார்கள். போர்த்தொழில் போனபின் மார்சிக்லி முழுநேர அறிவியலாளரானார். 1725இல் கடலைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் கடலியலின் தொடக்க நூல்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆர்கோவுக்குக் கிடைத்தது அநியாயத் தண்டனை என்றே தோன்றுகிறது: தன் சொந்த வேலையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த பொறியாளர் எதிரில் நிற்கும்போது, கோட்டைத் தலைவருக்கு இருந்த வழிகள் குறைவு.

1704 நவம்பரில் ஃபிரைபர்க்கிலிருந்து ஏகாதிபத்தியப் படையினர் வைக்கோல் வண்டிகளுக்குள் ஆயுதத்தோடு ஒளிந்து ஊருக்குள் நுழையப் பார்த்தார்கள். வாயிலிலேயே குட்டு வெளிப்பட்டது.

அவ்வளவு பெரிய மதில்கள் இப்போது எங்கே?

எதிரி உடைத்ததைவிட உரியவர் இடித்ததே அதிகம். 1714 ராஷ்டாட் உடன்படிக்கையால் பிரைசாக் ஆஸ்திரியாவுக்குத் திரும்பியது. 1740களில் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா பல முனைகளில் போரிட்டபோது, இவ்வளவு பெரிய கோட்டைக்கு ஆள் போட முடியவில்லை. ஆளில்லாத கோட்டை எதிரிக்குப் பரிசு. எனவே பீரங்கிகளை ஃபிரைபர்க்குக்கு மாற்றி, மதிலை இடிக்கச் சொன்னார். மிச்சத்தை 1744இல் வந்த பிரெஞ்சுப் படை முடித்தது.

கோட்டை போனால் போரும் போய்விடும் என்று ஊர்க்காரர்கள் நினைத்திருக்கலாம். 1793 செப்டம்பரில் புரட்சிப் பிரான்சின் படை அக்கரையில் இருந்த மோர்டியே கோட்டையிலிருந்து சில நாள் தொடர்ந்து குண்டு பொழிந்தது. பாறை மேல் இருந்த மேலூர் ஏறத்தாழ முழுதும் எரிந்தது. பாதுகாப்பு இல்லாத ஊர், எதிர்த்துச் சுடும் வலுவும் இல்லை. தேவாலயத்தைச் சுற்றி மேலே இன்று காணும் விரிந்த வெற்றிடங்களுக்குக் காரணம் அந்த நெருப்பு. அங்கே வீடுகள் இருந்தன.

புறத்திணையில் முற்றுகையிடுவோருக்கு உழிஞைப் பூ, மதில் காப்போருக்கு நொச்சிப் பூ. பிரைசாக்கில் ஒரே கொடி இன்று உழிஞை சூடும், நாளை நொச்சி சூடும். இரண்டுக்கும் நடுவே கிடந்த மக்களுக்கு எந்தப் பூவும் இல்லை.

யார் யார் கையில் எப்போது இருந்தது?

1275இல் பேரரசின் நேரடி நகரம். 1331 முதல் ஹாப்ஸ்பர்க்; இடையில் 1469–1474 பர்கண்டியிடம் அடகு. 1638 இறுதியில் பெர்ன்ஹார்ட், அவருக்குப் பின் பிரான்ஸ். 1697 உடன்படிக்கைப்படி 1700இல் ஆஸ்திரியா, 1703இல் பிரான்ஸ், 1714 உடன்படிக்கைப்படி மீண்டும் ஆஸ்திரியா. 1805–06இல் நெப்போலியன் வரைபடத்தைத் திருத்தியபோது பாடன். 1871 முதல் 1918 வரை அக்கரை அல்சாஸும் ஜெர்மனியின் கையில் இருந்ததால் ரைன் எல்லையாக இல்லாத அரிய இடைவெளி. 1878இல் கோல்மாருக்கு ரயில் பாலம் வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

அந்தப் பாலம் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. சாலைப் பாலம் வந்தது, ரயில் பாலம் திரும்பவில்லை. ஃபிரைபர்க்கிலிருந்து வரும் ரயில் இன்றும் பிரைசாக்கோடு நின்றுவிடுகிறது.

நாஜிக் காலத்தில் ஊரின் யூதர்களுக்கு என்ன ஆயிற்று?

பிரைசாக்கில் யூதர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்தார்கள். 1938 நவம்பர் 10 அன்று தொழுகைக் கூடத்தை எரித்தார்கள். 1940 அக்டோபர் 22 அன்று பாடன், சார்பால்ஸ் பகுதிகளின் யூதர்கள் சுமார் 6,500 பேரை ஒரே வீச்சில் ரயிலேற்றித் தென்மேற்குப் பிரான்சின் கூர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். பிரைசாக் குடும்பங்களும் அதில் இருந்தன. முகாமில் பசியும் சேறும் நோயும் பலரைக் கொன்றன. 1942 முதல் எஞ்சியவர்களில் பெரும்பாலோரை பாரிஸ் அருகே உள்ள டிரான்சி முகாம் வழியாக ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். யூதச் சமூகக் கட்டடமாக இருந்த ‘நீல வீடு’ இன்று அவர்களை நினைவுகூரும் இடமாக உள்ளது. பிரைசாக்கின் போர் வரலாற்றை மதில், பீரங்கி என்று மட்டும் சொல்லி முடிப்பவர்கள் இந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டிப் போகக்கூடாது.

இரண்டாம் உலகப் போரில் ஊருக்கு எவ்வளவு சேதம்?

1940 ஜூன் 15 அன்று ஜெர்மன் ஏழாம் படை இந்தப் பகுதியில் ரைனைக் கடந்து அல்சாஸுக்குள் நுழைந்தது. கரையோரப் பிரெஞ்சு காங்கிரீட் அரண்களை 88 மில்லிமீட்டர் பீரங்கிகளை வைத்து நேர்க்கோட்டில் சுட்டுத் துளைத்தார்கள். கடப்பின்போது பிரைசாக்கும் அடி வாங்கியது.

பேரழிவு கடைசிக் குளிர்காலத்தில் வந்தது. 1944 இறுதியில் கோல்மாரைச் சுற்றி அக்கரையில் ஜெர்மன் படை ஒரு பெரிய வளைவுக்குள் சிக்கியது. அதற்கு உணவும் குண்டும் போன பாலங்களில் பிரைசாக்கும் ஒன்று. எனவே விமானமும் பீரங்கியும் மாதக்கணக்கில் ஊரை இடித்தன. 1945 பிப்ரவரி 6 அன்று அமெரிக்கப் படை நெஃப்-பிரிசாக்குக்குள் நுழைந்தது. மூன்று நாளில் வளைவு முடிந்தது. பிறகு இரு தரப்பும் ஆற்றின் இரு கரையில் நின்று சுட்டுக்கொண்டன. ஏப்ரலில் பிரெஞ்சுப் படை ஊருக்குள் வந்தபோது கட்டடங்களில் ஏறத்தாழ 85 சதவீதம் சிதைந்திருந்தது. இப்போது தெருவில் பார்க்கும் ‘பழைய’ வீடுகளில் பல போருக்குப் பின் எழுந்தவை. சன்னல் சட்டமும் கூரைச் சரிவும் பழைய சாயலில் இருந்தாலும் சுவர் 1950களைச் சேர்ந்தது.

1950 வாக்கெடுப்பு எதைப் பற்றியது?

இடிபாடு அகலாத நிலையில், 1950 ஜூலை 9 அன்று ஊர்மக்களிடம் ஒரு கேள்வி வைக்கப்பட்டது: எல்லைகள் நீங்கிய, ஒரே கூட்டாட்சியான ஐரோப்பாவை விரும்புகிறீர்களா? வாக்குரிமை உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வந்து வாக்களித்தார்கள், 95.6 சதவீதம் ‘ஆம்’. சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் ஐந்து ஆண்டுக்கு முன் அக்கரையிலிருந்து குண்டு வாங்கிய ஊர் இதைச் சொன்னது. அன்றுமுதல் பிரைசாக் தன்னை ‘ஐரோப்பா நகர்’ என்று அழைத்துக்கொள்கிறது. அந்தப் பெயருக்கு இவ்வளவு விலை கொடுத்த ஊர்கள் அதிகம் இல்லை.

ரைன் ஆற்றையும் போர் மாற்றியதா?

மாற்றியது. 19ஆம் நூற்றாண்டில் பொறியாளர் துல்லா வகுத்த திட்டம் கிளைகளை அடைத்து ஆற்றை நேராக்கியது. பாசலுக்கும் பிங்கனுக்கும் இடையே நீளம் சுமார் 81 கிலோமீட்டர் குறைந்தது. வெள்ளமும் காய்ச்சலும் தணிந்தன, எல்லைக்கோடும் நிலைத்தது. ஆனால் வேகம் கூடியதால் ஆறு தன் படுகையையே அரித்து ஆழமாக்கியது.

அடுத்த மாற்றம் போர் கொடுத்த பரிசு. 1919 வெர்சாய் உடன்படிக்கையின் 358ஆம் பிரிவு, எல்லைப் பகுதியில் ரைன் நீரைத் திருப்பி மின்சாரம் எடுக்கும் உரிமையைப் பிரான்சுக்கு மட்டும் கொடுத்தது. அதன்படி ஆற்றுக்கு இணையாக அல்சாஸ் பெருங்கால்வாய் வெட்டினார்கள்: 1932இல் கெம்ப்ஸ் மின்நிலையம், 1959இல் பிரைசாக்குக்கு எதிரே ஃபோகல்குருன். நீரில் பெரும்பகுதி சிமென்ட் கால்வாயில் போனதால் பழைய ஆறு மெலிந்தது. ஜெர்மன் கரையில் நிலத்தடி நீர் இறங்கி ஆற்றோரக் காடுகள் காய்ந்தன. 1956 உடன்படிக்கைக்குப் பிறகு, பிரைசாக்குக்குக் கீழே கால்வாயைத் தொடர்ச்சியாக நீட்டாமல், ஆற்றிலிருந்து பிரிந்து மீண்டும் சேரும் கண்ணிகளாக மாற்றினார்கள். நீர்மட்டத்தை உயர்த்த 1960களில் பிரைசாக் அருகே ஒரு தடுப்பணையும் கட்டினார்கள்.

ஒரு நாளில் பார்க்க எந்த வரிசையில் போகலாம்?

காலையில் ரைன் வாயில் அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். முற்றுகை வரைபடங்களைப் பார்த்துவிட்டு மலையேறினால் மேலே பார்ப்பது புரியும். பிறகு சக்கரக் கிணறு. அதன்பின் புனித ஸ்தேவான் தேவாலயம். மேற்குச் சுவர்களில் மார்ட்டின் ஷோன்கவுவர் 1488க்கும் 1491க்கும் இடையில் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியங்கள் இருக்கின்றன. அவர் 1491இல் இந்த ஊரிலேயே இறந்தார். வெள்ளையடிப்புக்கு அடியில் பல காலம் மறைந்து கிடந்த அந்த ஓவியங்கள் 20ஆம் நூற்றாண்டில் வெளிவந்தன. நிறம் வெளிறியிருக்கும், கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். பீடத்தில் ‘எச். எல்.’ என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் சிற்பி 1523–1526இல் செதுக்கிய மரச்சிற்பம். 1793இன் நெருப்பையும் 1945இன் குண்டுகளையும் தாண்டி இது கைக்குக் கிடைத்ததே பெரிய காரியம்.

தேவாலயத்துக்கு வெளியே மேற்கு விளிம்பில் நின்றால் கீழே ஆறு, அதற்கப்பால் தீவு, கால்வாய், மின்நிலையம், தொலைவில் வோஸ்ஜ் மலை. பிற்பகலில் சைக்கிளில் பாலம் கடந்து நெஃப்-பிரிசாக் போகலாம். தரை தட்டை, ஏற்றம் இல்லை. நகர வாயிலைப் பார்த்ததும் உள்ளே போய்விடாமல் முதலில் அகழிக்குள் இறங்கிச் சுற்றி நடங்கள். பிரிந்து நிற்கும் கொத்தளங்கள் தரையிலிருந்து பார்த்தால்தான் பிடிபடும்.